கடைசி பெஞ்சில் நாற்பது நாள்

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த நோட்டை நான் விரும்பி எழுதவில்லை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஞானநேசபுரம் சபையின் பாடகர் குழுவில் இருபது வருஷம் டெனர் என்ற ஆண் மேல்குரல் பாடிய அருமைநாயகம், நாற்பத்தெட்டு வயதில், நூறு பக்க நோட்டு வைத்துக்கொண்டு தினமும் எழுத வேண்டுமாம். அட்டையில் முயல் படம் வேறு. குருவானவர் பொன்சேகர் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்தொன்று. மீசை இப்போதுதான் ஒழுங்காக வளர்கிறது. அவர் எனக்குத் தண்டனை கொடுக்கிறார்.

தண்டனை இது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் நாற்பதும், அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்து எனக்குக் கிடையாது, பாடகர் குழு கிடையாது. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில்தான் உட்கார வேண்டும். தினமும் வேதத்தில் அதே மூன்று அதிகாரம் வாசிக்க வேண்டும். ஞானியான ஒரு தகப்பன், அடுத்தவள் வீட்டு வாசலுக்குப் போகாதே என்று மகனுக்குப் புத்தி சொல்லும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் அதிகாரங்கள். வாசித்து, மனதில் பட்டதை எழுத வேண்டும்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் என்னைத் திரும்பச் சேர்ப்பார்கள். அதற்கும் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. விலக்கில் இருந்தவன் தானாக எழுந்து திருவிருந்துக்குப் போக முடியாது. அவனால் நொந்தவர் யாரோ, அவர் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய், பக்கத்தில் மண்டியிட வேண்டும். என் விஷயத்தில் அது என் மனைவி சுகிர்தம். அவள் வரவில்லையென்றால் நான் சாகும்வரை கடைசி பெஞ்சுதான், வீடும் கிடையாது. ஆனால் வருவாள். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவள் வராமல் எங்கே போவாள்.

இப்போதைக்கு என் பெட்டியையும் தலையணையையும் ஆட்டோவில் ஏற்றி என் வைண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டாள். எரிந்த மோட்டாருக்கும் மிக்சிக்கும் புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டிக் கொடுக்கும் கடை; அதன் பின்னால் உள்ள அறையில் படுத்துக்கொள்கிறேன். தலையணை உறையை மட்டும் துவைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாள். அது எதற்காம்?

விபசாரம் கூடாது என்கிற ஏழாம் கற்பனையை மீறினேன். இல்லையென்று சொல்லவில்லை. நான்கு மாதம். ஊரில் ஒருத்தனும் மீறாத மாதிரி என்னை மட்டும் பிடித்துக் கொண்டார்கள்.

மார்ச் 6, வியாழன்

ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். தண்டனை என்று கொடுத்தார்கள், எனக்கு அது சாட்சியாக அமைந்துவிட்டது. முழுக்க அவளைப் பற்றித்தான் இருக்கிறது! தேன் ஒழுகப் பேசுவாளாம், கடைசியில் கசப்பாகிவிடுமாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே ஒரு ஞானி இவளைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

இவள் என்றால் டெய்சிராணி. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து போன வருஷம் மாற்றலாகி வந்தாள், தனியாகச் சந்தைக்குப் பின் தெருவில் குடியிருக்கிறாள். போன செப்டம்பரில் மிக்சி எரிந்துவிட்டது என்று கடைக்கு வந்தாள். கட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தாள். மறுபடி கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் முறையும் வந்தாள். ஒரு பெண்பிள்ளை ஒரே கடைக்கு மூன்று முறை வந்தால் என்ன அர்த்தம்? வேறு கடையே இல்லையா ஊரில்?

தேன் ஒழுக என்ன பேசினாள் என்று யோசித்துப் பார்த்தேன். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் தாங்க, டூட்டிக்குப் போணும்" என்றாள். வேறு ஒன்றும் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. குரல் அப்படி.

மார்ச் 9, ஞாயிறு

கடைசி பெஞ்சு. மின்விசிறி கிடையாது. டெனர் பாட ஆளில்லாமல் தபால்காரர் யோவேலை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் பாடுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு மேல் ஸ்வரம்கூட எட்டவில்லை. ஆண்டவருக்கே பொறுக்காது. ஆனால் எல்லாரும் கண்ணை மூடி உருகுகிறார்கள்.

பெண்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மார்ச் 12, புதன்

மூன்று மோட்டார். வார்னிஷ் தீர்ந்தது. வாசித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இன்று சுகிர்தம் வந்தாள். என்னைப் பார்க்க அல்ல. அவள் தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டதாம். ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். இறக்கி வைக்கும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புள்ளைகளுக்கு ரெண்டு நாளாத் தண்ணி இல்ல. எப்பத் தருவீய?"

"நாளைக்கி."

"நல்லாக் கட்டுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்னைக்கு நான் மோசமாக் கட்டியிருக்கேன்? இருபத்திரண்டு வருசத்துல என் கையால கட்டுன காயில் ஒண்ணு திரும்பி வந்திருக்கா?"

அவள் ஆட்டோ பக்கம் திரும்பினாள். போய்விடுவாளே என்று நானாகவே ஆரம்பித்தேன். அந்த அதிகாரங்களை எடுத்துச் சொன்னேன். "வாசிச்சுப் பாரு சுகிர்தம். எல்லாம் அவளப் பத்தித்தான் போட்டிருக்கு. மூணு தடவ மிக்சி எரிஞ்சுதுன்னு அவளாத் தேடி வந்தா. நானாப் போனேன்?"

"அந்த அதிகாரத்த யாரு, யாருகிட்ட சொல்லுதாரு?"

"தகப்பன் மவன்கிட்ட."

"அப்ப மவன் என்ன செய்தான்னு வாசிங்க. அவளப் பத்தி அவகிட்ட ஆண்டவரு சொல்லிக்கிடுவாரு."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பழக்கம். புருஷனையும் பெஞ்சில் ஏற்றி நிறுத்தினால்தான் அவளுக்குத் திருப்தி. கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து எறிந்தேன். கண்ணாடி அலமாரியில் பட்டது. நானேதான் கூட்டி அள்ளினேன்.

மார்ச் 15, சனி

பள்ளிக்கூட மோட்டார் முடிந்தது. ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வார்னிஷ் போட்டுக் காயவைத்தேன். இந்த மோட்டார் இன்னும் பத்து வருஷத்துக்கு எரியாது. எழுதித் தரத் தயார்.

மார்ச் 18, செவ்வாய்

ஏழாம் அதிகாரம். மகன் என்ன செய்தான் என்று பார்த்தேன், அவள் சொன்னதற்காக அல்ல, எழுத ஏதாவது வேண்டுமே என்று. பொழுது சாயும் நேரம் அவன் அந்தப் பெண் இருக்கும் தெரு முனைப் பக்கமாக நடந்து போகிறான். அதற்குப் பிறகுதான் அவள் எதிரே வருகிறாள். சரி, அவனுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருந்திருக்கும். ஒருவன் தெருவில் நடக்கக்கூடாதா?

நான் பின் தெருவுக்குப் போனது ஒரே காரணத்துக்காக. மூன்றாம் முறை கட்டிய மிக்சியைக் கொடுக்க. அன்று மழை. பெண்பிள்ளை நனைந்து வரவேண்டாமே என்று நானே கொண்டுபோனேன். நான் யாருக்கும் வீட்டில் கொண்டு கொடுப்பதில்லை என்பது உண்மைதான். அன்று மழை.

காப்பி கொடுத்தாள். வீட்டில் எனக்குப் பேச்சுத் துணையே இல்லை, சுகிர்தம் என்னோடு முகம் கொடுத்துப் பேசி மூன்று வருஷமாகிறது என்று சொன்னேன். பாவம் என்றாள். பேச்சுக்கு ஒன்று சொல்வதுதானே. அன்று காலையில்தான் சுகிர்தம் எனக்குச் சட்டையில் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டே அரை மணி நேரம் பள்ளிக்கூடக் கதை பேசினாள்.

மார்ச் 23, ஞாயிறு

கடைசி பெஞ்சு. யோவேல். ஆராதனை முடிந்து நாகர்கோவில் விடுதியில் இருக்கும் மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மறுபடி செய்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

இந்த விஷயம் எப்படி வெளியே வந்தது என்று இதுவரை எழுதவில்லை. எழுதினால் இரத்தம் கொதிக்கிறது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. யாருக்கும் சந்தேகம்கூட இல்லை. பிப்ரவரியில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை முடிந்ததும் டெய்சிராணி தானாகப் போய்க் குருவானவரிடம் சொல்லிவிட்டாள்! அதற்கு முந்தின வாரம் சந்தையில் சுகிர்தம் அவளிடம் பேசியிருக்கிறாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்பு சுகமில்லாம கெடந்தப்ப நீங்கதான் ஊசி போட்டீங்களாமே, சொன்னாரு" என்று சிரித்துப் பேசி, முருங்கைக்காய் கொடுத்திருக்கிறாள். டெய்சிராணியால் தாங்க முடியவில்லையாம். சுகிர்தம் என்னோடு பேசுவதில்லை என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டதாம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள். ஒரு முருங்கைக்காயில் என் குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

சுகிர்தம் மறுபடி வந்தாள். மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வந்தாளாம். அதற்குப் போன் போதாதா? மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். முக்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க கட்டுன காயில் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னு சொன்னீய. எனக்கும் தெரியும், வந்ததில்ல. அப்ப அவ மிக்சி மட்டும் எப்படி மூணு தடவ எரிஞ்சுது?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகமில்லை. அவள் தேங்காய்ச் சில்லைப் போட்டு அரைத்திருப்பாள் என்றேன். கரண்டு கூடக்குறைய வந்திருக்கும் என்றேன். பொம்பளைகளுக்கு மிக்சி போடத் தெரியுமா என்றேன். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சுகிர்தம் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையை எடுத்தாள். என் சட்டைக் காலரில் நூல் பிரிந்திருந்ததைப் பார்த்தாள். அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். போய்விட்டாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மிக்சி எரிவதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

கம்பியை மெலிதாகப் போட்டேன்.

எழுதிவிட்டேன். இப்போது என்ன? குருவானவர் வாசிக்கட்டும். முதல் முறை அவள் வந்தபோதே போட வேண்டிய கம்பியை விட்டுவிட்டு ஒரு நம்பர் மெலிந்த கம்பியைச் சுற்றினேன். வார்னிஷும் போடவில்லை. பத்து நாள் தாங்கும், பிறகு சூடேறிக் கருகும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கைக்குத் தெரியாமல் ஒரு காயில் கருகாது. இரண்டாம் முறையும் அப்படியேதான் கட்டினேன். அவள் எரிந்த மிக்சியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வருவதைப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறைதான் ஒழுங்காகக் கட்டினேன். நானே வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தாயிற்றே, இனிமேல் எரியத் தேவையில்லை.

ஏழாம் அதிகாரத்தில் ஒரு குருவி கண்ணியில் விழுகிறது. அது நான்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்து வாசித்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. அதைவிட, கண்டுபிடித்த சுகிர்தத்தின் மேல் வருகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்னொன்றும் நான் எழுதாமல் விட்டேன். பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் முதல் வாரத்திலிருந்தே டெய்சிராணி உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நேர் எதிரே. நடுவில் நடைபாதை மட்டும்தான். அவளுக்கும் திருவிருந்து கிடையாது. ஆனால் அவளுக்கு யாரும் நோட்டு கொடுக்கவில்லை. நாற்பது நாள் என்று கெடுவும் சொல்லவில்லை. ஐந்து வாரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிள்ளைகள் ஓலை பிடித்துப் பவனி போனார்கள். யோவேல் இன்று தொண்டை கட்டிப் பாடவில்லை. அதில்கூட எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

குருவானவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, கமிட்டிக்கு ரொம்ப திருப்தி. ஒரு வாரம்கூடத் தவறாம வந்துட்டீங்க. ஈஸ்டர் அன்னைக்கு ஒங்களச் சேத்துரலாம். அக்கா வருவாங்கள்லா?"

"வருவா."

"கண்ணியில அகப்பட்டு மீண்டு வந்த சகோதரர்னு அறிவிக்கலாம்னு இருக்கேன்."

நான் நோட்டை நீட்டினேன். ஏப்ரல் இரண்டாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நான் வாசிக்க மாட்டேன் அண்ணாச்சி. அது ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது" என்றார். பெருந்தன்மையாம். மனுஷன் உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறேன், புரட்டிப் பார்க்கக்கூட மாட்டாராம்!

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"பெண்கள் சங்கத்துல பேசி அவங்களையே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லியாச்சு. மாசக் கடைசியில போயிருவாங்க. ஒங்களுக்கு இனிமே அந்தத் தொந்தரவு இல்ல."

நான் தலையை ஆட்டினேன். வாய் இருந்தது, பேசவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெயிலில் கட்டடமே வெந்தது. முடிந்து எல்லாரும் போனபின் சுகிர்தம் ஸ்கூட்டரை எடுக்க வந்தாள். வழியை மறித்து நின்றேன்.

"கம்பிய மெலிசாத்தான் போட்டேன்" என்றேன். "வேணும்னே போட்டேன்."

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"கடையில வச்சுக் கத்துனீயள்லா, அப்பவே."

"ஒங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"சரி" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முகத்தில் கோபமே இல்லை. கோபம் இல்லையென்றால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு இது தெரியாதா? நாளை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்கே கோயில் நிறைந்துவிட்டது. அப்பமும் ரசமும் பரிசுத்தப்படுத்தியபின் குருவானவர் என் பெயரைச் சொன்னார். கண்ணியில் அகப்பட்டு மீண்டவர் என்றும் சொன்னார். நான் எழுந்து நடைபாதையில் நின்றேன். சுகிர்தம் மூன்றாம் பெஞ்சிலிருந்து எழுந்தாள். முக்காடு போட்டிருந்தாள். என்னை நோக்கி நடந்து வந்தாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கையை நீட்டினேன்.

என்னைத் தாண்டிப் போனாள்.

பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் நின்று டெய்சிராணியின் கையைப் பிடித்தாள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள், பெஞ்சை இறுக்கப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தம் பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"எந்திரி. ஒன்னாலயும் நான்தான் நொந்தேன். நான் வந்து கூப்பிட்டா நீ வரணும். அதான் இந்தக் கோயில் வழக்கம்."

இரண்டு பேரும் என் பக்கமாகவே நடந்துபோனார்கள். சுகிர்தத்தின் சேலை என் நீட்டிய கையில் உரசியது. மண்டியிட்டார்கள். குருவானவர் என்னைப் பார்த்தார், கமிட்டி ஆட்களைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். கமிட்டி ஆட்கள் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு பேருக்கும் கொடுத்தார்.

"அப்ப நான்?" என்று கத்திவிட்டேன். கோயிலுக்குள் கத்திவிட்டேன். சுகிர்தம் திரும்பவில்லை. யோவேல் அவசரமாகப் பாட்டை எடுத்துவிட்டார்.

ஆராதனை முடிந்து வாசலில் அவளைப் பிடித்தேன். விடிந்திருந்தது.

"நாப்பது நாள் இருந்தேன் சுகிர்தம்! ஒரு நாள் விடாம வாசிச்சேன். உண்மையச் சொன்னேன்லா? அதுக்கு இதுதான் கூலியா?"

"என்கிட்ட சொன்னீய. அவகிட்ட சொன்னீயளா?" சுகிர்தத்தின் முகத்தில் இப்போதுதான் கோபம் வந்தது. "அவளுக்கு இன்னும் தெரியாது. தானாப் போயி விழுந்துட்டோம்னு நெனச்சு நாப்பது நாளாத் தலையத் தூக்காம உக்காந்திருக்கா. நீங்க எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கீய. மொத அவகிட்ட போயிச் சொல்லுங்க."

"சொன்னா நீ வந்து கூப்பிடுவியா?"

"அது எனக்குத் தெரியாது" என்றாள்.

ஏப்ரல் 21, திங்கள்

போகமாட்டேன். அவள் எனக்கு உத்தரவு போடுவதா?

ஏப்ரல் 23, புதன்

பின் தெரு முனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். நாற்பது நாள் முடிந்துவிட்டது, இன்னும் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

போனேன். முன்பெல்லாம் பொழுது சாய்ந்துதான் போவேன், துண்டால் முகத்தைத் துடைக்கிற பாவனையில் மறைத்துக்கொண்டு. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் போனேன்.

கதவைப் பாதி திறந்தாள். உள்ளே அட்டைப்பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன். மெலிந்த கம்பி, வார்னிஷ் போடாதது, பத்து நாள் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "மூணு தடவையுமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ. மூணாம் தடவ ஒழுங்காக் கட்டினேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணாம் தடவ வந்தப்ப நான் கடையில நின்னு அழுதேன்" என்றாள். "புது ஊரு, ஒரு மிக்சியக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியலயே, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு சொல்லி அழுதேன். நீங்கதான் தண்ணி கொண்டுவந்து தந்தீங்க. ஒம்மேல தப்பில்லம்மான்னு சொன்னீங்க. இந்த ஊருல அப்படிச் சொன்ன மொத ஆளு நீங்கதான். அதுக்காகத்தான் நான்..."

முடிக்கவில்லை. என்னை ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாவு மில்லில் இருந்த இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். பட்டப்பகலில் நான் அவள் வாசலில் நிற்பதைத் தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன்.